தாங்கல்
(உயிர்ப்பலி ஒழித்த அய்யாவின் திருவாழ்வு)

அய்யா உண்டு.



நமக்குத் தாங்கல் என்றால் நிழல்தாங்கல். தென்பகுதியிலிருந்து பிழைப்புக்காகச் செங்கல்பட்டு பக்கம் வந்த நம்மவர்கள் முதலில் திகைப்பது இங்குள்ள ஊர்ப் பெயர்களைக் கேட்டுத்தான். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல் என்று எங்கே திரும்பினாலும் தாங்கல். ஊருக்கு ஊர் அய்யாவுக்கு நிழல்தாங்கல் கட்டியிருக்கிறார்கள் போலும் என்று புதிதாக வந்தவர் மகிழ்ந்து போவார். பிறகுதான் தெரியும், இந்தத் தொண்டை நாட்டில் தாங்கல் என்றால் சிறிய ஏரி. மழைநீரைத் தாங்கி வைத்திருப்பதால் அது தாங்கல். நம் தாங்கல் மனிதரைத் தாங்குகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வரிசையில் வேடந்தாங்கல் தனிச் சிறப்புடையது. பெயரே வேடர்கள் இருந்த இடம் என்று சொல்கிறது. வேட்டையாடிய இடம் இன்று பறவைகளுக்குப் புகலிடமாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறைந்ததும் தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் வந்து கூடு கட்டும். 200 ஆண்டுகளுக்கு முன்னால் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் பொறுக்காமல் செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். லயனல் பிளேஸ் என்பவர் அப்போது கலெக்டர். 1798-ல் ஏரிப் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர் ஊராருக்குக் கவுல் பத்திரமாக எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது மறுபடியும் புதுப்பிக்கப்பட்டது. பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயல் நன்றாக விளையும் என்பது அந்த விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. பறவையைக் காத்தார்கள், பறவை அவர்கள் வயலைக் காத்தது.

அந்தக் கவுல் எழுதப்பட்டு 11 ஆண்டுகள் கழித்து, 1809-ல், நாட்டின் தென்கோடியில் நம் அய்யா பிறந்தார்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியில், இன்று நாம் சாமிதோப்பு என்று வணங்கும் ஊரில், பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறிப் பிழைக்கும் சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்சாதியாரும் அதிகாரத்தில் இருந்தவர்களும் எதிர்த்தார்கள். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட உரிமை இல்லாத காலம் அது.

அந்தக் காலத்தை நம் பிள்ளைகளுக்கு நாம் சரியாகச் சொல்வதில்லை. தலைக்கு வரி, பனைக்கு வரி, தொழில் செய்யும் கருவிக்கு வரி. கூலி இல்லாத ஊழியம். ஆண்கள் தலைப்பாகை கட்டக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. பொதுக் கிணறு கிடையாது, கோயில் வாசல் கிடையாது. இவ்வளவு பட்டினிக்கும் நடுவில் அந்த ஏழைகளுக்கு இன்னொரு செலவும் இருந்தது. அது பேய்ச் செலவு.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மாடன் அடித்துவிட்டான் என்பார்கள். கோமரத்தாடி ஆடிச் சொல்லுவான். ஒரு கோழி, கேட்டது பெரிய பேயாக இருந்தால் ஒரு கிடாய், இல்லாவிட்டால் பன்றி, கூடவே முட்டையும் சாராயமும். வீட்டில் பால் தந்துகொண்டிருந்த ஆட்டின் குட்டியைக் கொண்டுபோய் வெட்டுவார்கள். காய்ச்சல் தீராவிட்டால் அடுத்த குட்டி. மன்னனின் ஆட்கள் வரியாகப் பிடுங்கியது போக மிஞ்சியதைப் பேயின் பெயரால் தாங்களே இழந்தார்கள். அந்த ஆடும் கோழியும் என்ன பாவம் செய்தன? அரண்மனைக்குப் பயந்த மனிதன், தனக்குக் கீழே இருந்த ஒரே உயிரின் கழுத்தில் கத்தி வைத்தான். நான் இதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

முத்துக்குட்டிக்கு 24 வயதில் கடும் நோய் வந்து படுக்கையில் விழுந்தார். தாய் வெயிலாளுக்குக் கனவில் உத்தரவு கிடைத்தது. கொல்லம் 1008 மாசியில் திருச்செந்தூர்த் திருவிழாவுக்கு உறவினர் துணையோடு மகனைக் கொண்டுபோனார்கள். அங்கே அவர் கடலுக்குள் இறங்கிப் போனார். தாய் கரையில் அழுதுகொண்டு காத்திருந்தாள். மூன்றாம் நாள், மாசி 20 அன்று, நாராயணரின் மகனாக, வைகுண்டராக எழுந்து வந்தார். ஆங்கிலக் கணக்கில் அது 1833 மார்ச் மாதம். நாம் ஆண்டுதோறும் கொண்டாடும் அவதாரத் திருநாள் இதுவே.

அங்கிருந்து நடந்தே தெட்சணம் வந்த அய்யா ஆறு ஆண்டு தவம் இருந்தார். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள், அடுத்த இரண்டு ஆண்டு தரையில், கடைசி இரண்டு ஆண்டு சற்று உயர்ந்த இருப்பிடத்தில். கலி அழியவும், சான்றோர் மக்கள் தலைநிமிரவும், பெண்களின் துயர் தீரவும் இந்தத் தவம் என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

தவக் காலத்திலேயே மக்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். நோயாளிகளுக்கு அய்யா கொடுத்தது தண்ணீரும் மண்ணும்தான். பணம் வாங்கவில்லை, காணிக்கை கேட்கவில்லை. அந்த நாட்களில் நடந்ததுதான் பேய்களை எரித்த நிகழ்ச்சி. பேய் பிடித்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் அய்யாவின் முன்னால் ஆடினார்கள், அலறினார்கள். தங்கள் சக்தியெல்லாம் போயிற்று என்று அந்தப் பேய்களே ஒப்புக்கொடுக்கும்படி அய்யா செய்தார். பிறகு அவை எரிக்கப்பட்டன என்று அகிலத்திரட்டு விரிவாகச் சொல்கிறது. திருஏடு வாசிப்பில் இந்தப் பகுதி வரும்போது சிறுவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள்.

பேய் போன பிறகு பலி எதற்கு? கிடாய், கோழி, பன்றி எதையும் யாருக்கும் வெட்டக்கூடாது என்று அய்யா திட்டமாகத் தடுத்தார். வெட்டாதே என்று வெறுமனே சட்டம் போட்டிருந்தால் மக்கள் மறைவில் வெட்டியிருப்பார்கள். தமிழ்நாட்டில் 1950-லேயே கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் சட்டம் வந்தது. பல ஆண்டு அது ஏட்டில் இருந்தது. 2003-ல் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள், எதிர்ப்புக் கிளம்பியது, 2004-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அய்யாவிடம் காவலரும் இல்லை, சட்டமும் இல்லை. வெட்டுகிறவனின் கைக்குப் பின்னால் இருந்த பயத்தை எடுத்துவிட்டார். கத்தி தானாகக் கீழே விழுந்தது. அப்படித் தப்பிய உயிர்களுக்குக் கணக்கு ஏது?

இதை எழுதும் நானும் யோக்கியன் இல்லை. எங்கள் வீட்டில் தாங்கலுக்கும் போவோம், குடும்பக் கோயில் கொடைக்கும் போவோம். எனக்குப் பத்து வயது இருக்கும்போது நான் புல் போட்டு வளர்த்த குட்டியை நேர்ச்சை என்று கொண்டுபோனார்கள். கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவனே நான்தான். மற்றவர் கூப்பிட்டால் வராது, என் பின்னால்தான் வரும். மறுநாள் நண்பகல் தாங்கலில் உச்சிப்படிப்புக்கு வழக்கம்போல் போய் நின்றோம், நாமம் இட்டுக்கொண்டோம். யாருக்கும் அது முரணாகத் தெரியவில்லை. இன்றும் இங்கிருந்து பஸ் பிடித்துப் போய்க் கிடாய் வெட்டிவிட்டு வருகிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அய்யா எரித்த பயத்தை நாம் மறுபடியும் வீட்டுக்குள் அழைத்து வைத்திருக்கிறோமே என்ற வருத்தம் உண்டு.

அய்யாவின் புகழ் பரவியது மன்னருக்கு எட்டியது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. சுசீந்திரத்தில் இருந்த மன்னரிடம் பலரும் கோள் சொன்னார்கள். தாழ்ந்த சாதிக்காரன் ஒருவன் தன்னைச் சாமி என்கிறான், 18 சாதியையும் ஒரே இடத்தில் கூட்டுகிறான் என்றார்கள். ஆயர் குலத்தைச் சேர்ந்த பூவண்டர் ஒருவரே அய்யாவுக்காகத் துணிந்து மன்னரிடம் பேசினார். மாடு மேய்க்கும் குலத்து மனிதர் ஒருவர் அந்தச் சபையில் நியாயம் பேசினார் என்பதை நாம் மறக்கக்கூடாது. மன்னர் கேட்கவில்லை. அய்யாவைக் கட்டி, அடித்து, இழுத்துக்கொண்டு போனார்கள். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் 100 நாளுக்கு மேல் சிறை. நஞ்சு கலந்து கொடுத்தார்கள், சுண்ணாம்புக் காளவாயில் இறக்கினார்கள் என்று அகிலம் சொல்கிறது. எதுவும் அய்யாவைத் தொடவில்லை.

கடைசியில் புலி. காட்டில் பிடித்துக் கூண்டில் அடைத்து, பட்டினி போட்டு வைத்திருந்த புலியின் முன்னால் அய்யாவை விட்டார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. புலி பாயவில்லை. தலையைத் தாழ்த்திப் படுத்துக்கொண்டது. ஈட்டியால் குத்திப் பார்த்தும் அய்யாவை அது ஒன்றும் செய்யவில்லை.

இந்தக் கதையை நாம் எப்போதும் அய்யாவின் வல்லமையைக் காட்டத்தான் சொல்கிறோம். அது சரிதான். நான் பல ஆண்டு திருஏடு கேட்ட பிறகு எனக்குத் தோன்றிய ஒன்றையும் சொல்கிறேன். அந்தப் புலியைக் கூண்டில் அடைத்தது யார்? அய்யாவைச் சிறையில் அடைத்த அதே ஆட்கள். அதைப் பட்டினி போட்டது யார்? பனையேறிகளின் அடுப்பை அணைத்த அதே அதிகாரம். புலிக்கு அங்கே எந்தக் குற்றமும் இல்லை. மன்னரின் கோபத்துக்குக் கருவியாகப் பிடித்துவந்த ஒரு பிராணி அது. கூண்டுக்கு வெளியே விலங்கு பூட்டிய கையோடு அய்யா, உள்ளே பசியோடு புலி. எதிரெதிரே நின்ற இருவரும் கைதிகள். புலிக்கு அது புரிந்தது, மந்திரிகளுக்குப் புரியவில்லை.

அதன் பிறகு மன்னர் இறங்கிவந்தார். விடுதலை தருகிறேன், ஆனால் சொந்தச் சாதியாரோடு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும், மற்றச் சாதியாரைச் சேர்க்கக்கூடாது, அப்படி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அய்யா மறுத்துவிட்டார். அடிவாங்கி, 100 நாள் இருட்டில் கிடந்த ஒருவர், ஒரு கையெழுத்தில் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில் மறுத்தார். என்னைக் கேட்டால், அய்யாவின் வாழ்வில் புலி படுத்ததைவிடப் பெரிய அற்புதம் இதுதான். தன் சாதிக்கு மட்டும் கருணை என்று ஒப்புக்கொண்டிருந்தால் மன்னருக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி. கருணைக்கு வேலி போட அய்யா இசையவில்லை. கொல்லம் 1014 மாசி 19 அன்று, 1839 மார்ச்சில், நிபந்தனை இல்லாமலே வெளியே வந்தார். மக்கள் தொட்டில் கட்டி அவரைத் தோளில் சுமந்து சாமிதோப்பு கொண்டுவந்தார்கள்.

வந்தவுடன் அய்யா செய்த வேலைகள் எல்லாம் அன்றாட வாழ்வைச் சேர்ந்தவை. முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகப் பதம் விட்டுக் குளிக்க வைத்தார், அந்தத் தண்ணீரையே குடிக்க வைத்தார். கொண்டுவந்த அரிசியையும் காயையும் ஒன்றாகச் சமைத்து ஒரே பந்தியில் உட்கார வைத்தார். பேய்க்குப் போன அரிசியும் காசும் இப்போது பந்திக்கு வந்தன. கிடாய் உயிரோடு கொட்டகையில் நின்றது, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சோறு கிடைத்தது. உயிர்ப்பலி நிறுத்தியதையும் அன்னதர்மம் தொடங்கியதையும் நாம் இரண்டு தனித்தனிப் போதனைகளாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஒரே காரியத்தின் இரண்டு பக்கம் அவை.

ஆண்களைத் தலைப்பாகை கட்டி வணங்கச் சொன்னார். அரசன் முன்னால் தலையில் துணி போடக்கூடாதவன், இறைவன் முன்னால் முடிசூடியவனாக நின்றான். அய்யாவுக்குப் பிறந்தபோது மறுக்கப்பட்ட பெயரை நினைத்துப் பாருங்கள்.

பிறகு துவையல் தவசு. 700 குடும்பங்களை ஆணும் பெண்ணும் பிள்ளையுமாகக் கடற்கரைக்கு, வாகைப்பதிக்கு அனுப்பினார். தினமும் மூன்று வேளை கடலில் குளித்து, துணி துவைத்து, ஒரு வேளை சமைத்து உண்டு, மீனும் இறைச்சியும் தொடாமல் வாழ வேண்டும். பின்னர் முட்டப்பதியிலும் அந்தத் தவசு நடந்தது. கடலோரத்தில் மீன் இல்லாமல் சோறு உண்பது எவ்வளவு கடினம் என்று மாமல்லபுரம் பக்கம் வாழும் நம் மக்களுக்குத் தெரியும். அழுக்கும் நோயுமாக இருக்கத்தான் நீ பிறந்தாய் என்று உலகம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்துக்கு, உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வதும் இன்னொரு உயிரை வாயில் போடாமல் இருப்பதும் தன் கையில்தான் இருக்கிறது என்று பழக்கிக் காட்டிய பயிற்சி அது.

ஐந்து சீடர்களை அய்யா தேர்ந்தெடுத்து ஊர் ஊராக அனுப்பினார். அவர்களில் சகாதேவன் என்ற அரிகோபாலன் சீடர் கொல்லம் 1016 கார்த்திகை 27 அன்று அகிலத்திரட்டு அம்மானையை எழுத்தில் இறக்கினார். செட்டிகுடியிருப்பு, அகஸ்தீசுவரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய ஊர்களில் அய்யா இருந்தபோதே நிழல்தாங்கல்கள் எழுந்தன. தாங்கல் என்பது கோபுரம் வைத்த கோயில் அல்ல. எளிய கட்டிடம், கண்ணாடி, விளக்கு. பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கவும் வழிப்போக்கருக்குச் சோறு போடவும் அது இடம் தந்தது. சுருள் வைக்க வெற்றிலை, பாக்கு, பழம் போதும். ஒரு துளி இரத்தம் அந்த வாசலில் சிந்தாது.

அந்தக் காலத்து லண்டன் மிஷன் பாதிரிமார்களின் அறிக்கைகளில்கூட முத்துக்குட்டியின் பெயர் வருகிறது, தங்கள் வேலைக்கு அவர் தடை என்ற குறையாக. அய்யாவுக்கு 15 வயது இருக்கும்போது, 1824-ல், அந்த லண்டனில்தான் மிருக வதையைத் தடுக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் நம் நாட்டுக் கிராமத்துக் கிடாயைக் காக்கக் குழிக்குள் இருந்து தவம் செய்தவர் பேரை அந்த வரலாற்றில் யாரும் எழுதுவதில்லை.

கொல்லம் 1026 வைகாசி 21, திங்கட்கிழமை நண்பகல், அய்யா வைகுண்டம் எய்தினார். அது 1851 ஜூன் 2. பூமியில் இருந்தது 42 ஆண்டு, வைகுண்டராக இருந்தது 18 ஆண்டு.

சாமிதோப்பில் திருவிழாவின் எட்டாம் நாள் முத்திரிக் கிணற்றருகே நடக்கும் கலிவேட்டையைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக் குதிரை வாகனத்தில் அய்யா வில்லும் அம்புமாக வருவார். வேட்டை நடக்கும், ஒரு முயல்கூடச் சாகாது. அம்பு போவது கலியின் மேல். வேடந்தாங்கல் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வேட்டைதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது இந்த ஆண்டு மாசி 20 பற்றி ஒரு வார்த்தை. மாசி மாதம் வேடந்தாங்கல் ஏரியில் குஞ்சுகள் இருக்கும் காலம். இன்னும் பறக்கப் பழகாதவை. வெடிச்சத்தம் கேட்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழும்பும், குஞ்சு தவறித் தண்ணீரில் விழும். இதற்காகவே வேடந்தாங்கல் சுற்றுவட்டாரத்து மக்கள் தீபாவளிக்கும் வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியிலும் இதே வழக்கம். தங்கள் பிள்ளைகளுக்கு மத்தாப்பைக் கூட மறுத்து அவர்கள் காக்கும் குஞ்சுகளை, பிழைக்க வந்த நாம் அய்யாவின் பெயரால் விரட்டக்கூடாது. எனவே அவதாரத் திருநாள் ஊர்வலத்தில் வாணவேடிக்கை இல்லை. ஒலிபெருக்கி தாங்கல் வளாகத்துக்குள் மட்டும். செண்டை மேளம் ஊருக்குள் மட்டும், ஏரிப் பக்கம் இல்லை.

வெடிக்கென்று ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் பணிவிடைக்காரரிடம் சொன்னால் திருப்பித் தரப்படும். வேண்டாம் என்கிறவர்களின் தொகை அன்றைய உச்சிப்படிப்புக்குப் பின் நடக்கும் அன்னதர்மத்தில் சேரும். அரிசி, பயறு, தேங்காய் கொடுக்க விரும்புகிறவர்கள் முந்தின நாள் மாலை உகப்படிப்புக்கு வரும்போதே கொண்டுவந்து சேர்த்தால் சமைக்கிறவர்களுக்கு வசதி.

அய்யா உண்டு.